என் முழங்கையும் நாலு விரற்கிடையும்

“இந்தக் கை இனி மடங்கி நிமிராது. ஏதாவது ஒரு நிலையில்தான் நிற்கும். அது எந்த நிலை என்பதை நீரே தெரிவு செய்ய வேண்டும்.”

டாக்குத்தர் அம்மா இதைச் சொன்னபோது நான் ஆசுப்பத்திரிக் கட்டிலின் விளிம்பில் இருந்தேன். வெளியே வேம்பில் காகங்கள் கத்திக்கொண்டிருந்தன. அப்போதுதான் நிலத்தைக் கழுவியிருந்தார்கள். ஈரம் காயாத சீமெந்தின் குளிர் உள்ளங்காலில் ஏறியது. என் வலக்கை, தோளிலிருந்து விரல் நுனி வரை ஒரே கோடாக, அகப்பைக் காம்பு மாதிரி மடிக்குப் பக்கத்தில் கிடந்தது.

அவர் கடல் கடந்து வந்த வெள்ளைக்காரப் பெண். இங்கே வந்த பிறகு ஒரு பண்டிதரிடம் தமிழ் படித்தவர். நாங்கள் “ஏலாது” என்னும் இடத்தில் அவர் “இயலாது” என்பார். அந்தச் சுத்தத் தமிழில் கேட்டதாலோ என்னவோ, அவர் சொன்னது ஏதோ தீர்ப்பு வாசித்தது போல இருந்தது.

“மயக்க மருந்து கொடுத்து எலும்பைச் சீர்செய்வேன். நீட்டியபடியும் விடலாம், மடித்தும் வைக்கலாம். ஆனால் ஒரு முறைதான். பிறகு மாற்ற இயலாது. மூன்று நாள் யோசித்துச் சொல்லும்.”

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. சுன்னாகத்துக்குக் கிட்ட ஒரு சைவப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. நாளைக்கு எந்தச் சீலை உடுப்பது என்பதைக்கூட அம்மாதான் எடுத்து வைப்பார். அப்படிப்பட்ட என்னிடம், சாகும்வரைக்குமான ஒரு முடிவை மூன்று நாளில் சொல்லச் சொன்னார்.

கீரிமலைப் படி

கை முறிந்தது ஆடி அமாவாசை அன்று. ஐயா செத்து இரண்டாவது வருஷம். அண்ணையும் அம்மாவும் நானும் விடியவே திருக்கல் வண்டியில் கீரிமலைக்குப் போனோம்.

பெண்கள் குளிக்கும் கேணியில் அன்று கால்வைக்க இடமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கடல் இரைந்தது. இந்தப் பக்கம் நன்னீர். நீர் நல்ல குளிர். முழுகி எழும்பி, ஈரச்சீலையோடு மேலே ஏறினேன். எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்த ஒரு பெண் சட்டென்று நின்றாள். அவளில் முட்டாமல் இருக்க ஒரு பக்கமாகக் கால் வைத்தேன். அந்தப் படியில் பாசி.

விழும்போது எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். வலக்கையை ஊன்றினேன். காய்ந்த பனைமட்டை முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. அது என் கைக்குள்ளிருந்து வந்தது என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. நோவு அதற்குப் பிறகுதான் வந்தது.

அன்று வீட்டில் விரதச் சோற்றுக்குக் காத்தோட்டிக்காய் வறுத்திருந்தார்கள். அந்தக் கசப்பை அம்மா தன் கையால் சோற்றோடு குழைத்து என் வாயில் வைத்தார். ஒரு நேரத்துக்குத்தானே என்று நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

முறிவு எங்கள் ஊருக்குப் புதிதல்ல

எங்கள் பக்கத்தில் எலும்பு முறிவதற்கு இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று பனை, மற்றது கிணற்றுத் துலா. தோட்டத்துக்கு இறைக்கிற காலத்தில் துலாவின் மேல் ஆள் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். கால் தவறினால் கீழே கிணற்றுக்கட்டு. புகையிலைக் காலம் முடியும்போது ஊரில் இரண்டு மூன்று பேராவது நொண்டிக்கொண்டு திரிவார்கள்.

அப்படி விழுந்தவர்களுக்கு அன்றோடு பழைய பெயர் போய்விடும். இடுப்பு முறிந்தவர் கூனல் சின்னத்தம்பி ஆவார். கால் கட்டையாகிப்போனவர் நொண்டிக் கந்தையா. சின்ன வயதில் நானும் அப்படித்தான் சொல்லித் திரிந்திருக்கிறேன். அந்த மனிதர் எப்படிக் குந்தி எழும்புகிறார், எப்படித் தனியே ஒரு வேட்டி கட்டுகிறார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. என்னைப் பார்த்து வாசல் படலையடியில் ஒரு குரல் “சொத்திக்கைப் பரமேசு” என்று சொன்ன பிறகுதான் அதெல்லாம் நினைவுக்கு வந்தது.

என் கையைக் கட்டியவர் பேர்போன முறிவு நெரிவுப் பரியாரியார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர் கட்டிய கால்கள் நடந்தன. மணிக்கட்டுகள் மண்வெட்டி பிடித்தன. என் கைக்கும் இலை அரைத்துப் பூசி, எண்ணெய் வார்த்து, பனஞ்சிலாகை வைத்து நேராகக் கட்டினார். எலும்பும் பொருந்தியது. ஆனால் ஒன்றரை மாதம் கழித்துக் கட்டு அவிழ்த்தபோது முழங்கை அசையவில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார்கள். மணல் வாளியைத் தூக்கித் தொங்கவிடச் சொன்னார்கள். அண்ணை ஒருநாள் பலவந்தமாக மடக்கப் பார்த்தார். நான் போட்ட கத்தலில் பக்கத்து வளவு நாய் குரைத்தது. கை மட்டும் மடங்கவில்லை.

முழங்கை பொல்லாத மூட்டு, கெட்டித்தனமாகக் கட்டினாலும் சிலவேளை இறுகித்தான் போகும் என்று டாக்குத்தர் அம்மாவே பிறகு சொன்னார்.

ஒரு வாய் அவனுக்கு, ஒரு வாய் எனக்கு

வலக்கையை நீட்டியபடி வைத்துக்கொண்டு என்னென்ன செய்யலாம்? வாளி தூக்கலாம். கொடியில் சீலை போடலாம். அவ்வளவுதான். தலை வார முடியாது. பொட்டு வைக்க முடியாது. கண்ணில் தூசி விழுந்தால் எடுக்க முடியாது. கோயிலில் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட முடியாது. மேசையில் இருந்து பிள்ளைகளின் கொப்பி திருத்த முடியாது. கை மேசைக்கு அந்தப் பக்கம் போய் நிற்கும்.

எல்லாவற்றிலும் பெரியது சாப்பாடு. வலக்கை வாய்க்கு வராது. இடக்கையால் சோற்றைத் தொட அம்மா விடமாட்டார்.

“இடக்கையாலையோ? உன்ரை கொப்பர் இருந்தால் பாத்துக்கொண்டு இருப்பாரோ? நான் தீத்திறன். வாயைத் திற.”

“கரண்டியாலை சாப்பிடுறன் அம்மா.”

“கரண்டியைப் பிடிக்கிறதும் அந்தக் கைதானே!”

அம்மாவுக்குத் தோட்டத்தில் வேலை இருக்கும் நாட்களில் அந்தப் பொறுப்பு மச்சாளுக்கு வரும். மச்சாள் என்றால் அண்ணையின் மனைவி. நல்லவ. அவவின் மகனுக்கு அப்போது ஒரு வயது. குசினியில் எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தி, ஒரு கோப்பையில் பருப்பும் சோறும் குழைத்து, ஒரு வாய் அவனுக்கு, ஒரு வாய் எனக்கு என்று தீத்துவா. அவன் துப்பினால் சிரிப்பா. எனக்கு உறைத்தால் நான் சொல்லமாட்டேன். பசித்தாலும் சொல்லமாட்டேன். சமையல், மாடு, பிள்ளை எல்லாம் பார்த்து அவ எப்போது கை கழுவிக்கொண்டு வருகிறாவோ அப்போதுதான் எனக்குச் சாப்பாட்டு நேரம்.

ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் படிப்பித்தவள் நான். என் கை முறிந்த மூன்றாம் மாதமளவில் அந்தக் குழந்தை தானாகச் சோற்றை அள்ளி வாயில் வைக்கப் பழகிவிட்டான். மச்சாள் கைதட்டினா. நானும் சிரித்தேன். பிறகு கிணற்றடிக்குப் போய் முகத்தை இடக்கையால் கழுவிக்கொண்டு வந்தேன்.

மலாயாவில் கிளாக்கர் வேலை பார்த்த ஒருவருக்கு என்னைப் பேசியிருந்தார்கள். படம்கூடப் போயிருந்தது. கை முறிந்த செய்தி போன பிறகு அங்கிருந்து கடிதம் வரவில்லை. தபாற்காரன் படலையைக் கடந்து போகும்போது அம்மா வேறு பக்கம் பார்ப்பார்.

கடைசியில் தலைமை ஆசிரியை அம்மாள்தான் அந்த மிஷன் ஆசுப்பத்திரியைச் சொன்னார். வெள்ளைக்கார டாக்குத்தர், வெட்டிப் போடுவினம் என்று அம்மா அழுதார். அண்ணை வண்டி கட்டினார்.

அடுத்த கட்டில்

எனக்கு அடுத்த கட்டிலில் இருந்தவ திரேசம்மா. இப்போது குருநகர் என்கிறார்களே, அப்போது அதற்குக் கரையூர் என்று பெயர். அங்கே மீன் விற்கிறவ. நாற்பது வயதிருக்கும். கழுத்தில் கறுத்தக் கயிற்றில் ஒரு மாதா சுருவப் பதக்கம். வள்ளத்தைக் கரையில் ஏற்றும்போது கட்டை உருண்டு, வள்ளம் சாய்ந்து அவவின் முழங்காலில் இருந்துவிட்டது.

அவவுக்கு டாக்குத்தர் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. முழங்கால் நேராகத்தான் நிற்கும், நின்றால்தான் நடக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

“உமக்கெண்டாலும் கேக்கினம், ரீச்சர் பிள்ளை,” என்றா திரேசம்மா. “என்ரை காலை என்னட்டைக் கேக்காமலே முடிவு கட்டிப்போட்டினம்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னா. ஆனால் அன்று மத்தியானம் அவ கட்டிலில் நிமிர்ந்திருந்து, நீட்டிய காலின் பெருவிரலைத் தொடப் பார்ப்பதைக் கண்டேன். ஒரு சாண் குறைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் குனிந்தா. பிறகு விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டா.

“கால் நகம் வளந்து போச்சு,” என்றா, சுவரைப் பார்த்தபடியே. “மனுசனிட்டை வெட்டச் சொல்ல வெக்கமாக் கிடக்கு. நான் இனிக் குந்தியிருந்து மீன் வெட்டேலாது. சந்தையிலை கடகத்துக்கு முன்னாலை இருக்கேலாது. கோயிலிலை முழந்தாட்படியிடேலாது. நிண்டுகொண்டு செபிக்கிறவளை மாதா என்னெண்டு நினைப்பா?”

தாதியிடம் கத்தரிக்கோல் வாங்கி வந்து, அவவின் கட்டில் கால்மாட்டில் இருந்து, இடக்கையால் அவவின் நகங்களை வெட்டினேன். இடக்கை கோணல் மாணலாகத்தான் வெட்டியது. அவ காலை இழுக்கப் பார்த்தா.

“ஐயோ, நீங்கள் ஆர், நான் ஆர்! தொடாதேங்கோ பிள்ளை.”

“ஆடாதேங்கோ. வெட்டுப்பட்டுப் போகும்.”

அடுத்த நாட்காலை அவ என்னைத் தன் கட்டிலில் இருத்தி, தலைக்கு எண்ணெய் வைத்து, வாரி, பின்னிவிட்டா. அவவின் விரல்களில் உப்புத்தண்ணீர் கீறிய வெடிப்புகள். அவை தலைமயிரில் மெல்ல மெல்லச் சிக்கும். அம்மா சாப்பாட்டோடு வந்தது அந்த நேரம். வாசலில் நின்று பார்த்தார். என் கட்டிலடியில் இருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்து மற்றப் பக்கம் வைத்தார். திரேசம்மா அதைக் கண்டா. கண்டும் பின்னலை முடித்துத்தான் எழும்பவிட்டா.

இடக்கையில் ஓர் ஒத்திகை

இனி அந்த மூன்று நாளுக்கு வருகிறேன்.

வீட்டில் முடிவு சுலபமாக இருந்தது. நன்றாக மடித்து வைக்க வேண்டும். கை வாய்க்கு வரவேண்டும். நாலு பேருக்கு முன்னால் இலையில் இருந்து சாப்பிட வேண்டும். “சாப்பிடேலாத பொம்பிளையை ஆர் கட்டுவான்?” என்று அம்மா கேட்டார். அண்ணையும் அதையே சொன்னார்.

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. ஆனால் நன்றாக மடிந்து நிற்கிற கையால் கரும்பலகையில் எப்படி எழுதுவது? மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். பிடிபடவில்லை.

“மனசுக்குள்ளை என்னத்துக்கு?” என்றா திரேசம்மா. “மற்றக் கை சும்மாதானே கிடக்கு. அதைக் கட்டிப் பாருமன்.”

அன்று பின்னேரம் அவவின் கணவர் வந்தபோது நாலு மெல்லிய பலகைத் துண்டுகள் கொண்டு வந்தார். அவர் அதிகம் கதைக்காத மனிதர். வார்ட்டுக்கு வெளியே நின்றபடி அவற்றைத் தாதியிடம் நீட்டினார். தாதி சிரித்துக்கொண்டு துணிச்சுருள் தந்தா. திரேசம்மா கட்டிலில் இருந்தபடியே என் இடக்கையை மடித்து, பலகை வைத்து, வலைக்கு முடிச்சுப் போடுவது போல இறுக்கிக் கட்டினா.

முதலில் நன்றாக மடித்துக் கட்டினோம். விரல் உதட்டில் தொட்டது. பொட்டு வைக்கலாம். கும்பிடலாம். வார்ட்டில் இருந்த பெண்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். தாதி ஒரு பெரிய சிலேட்டைச் சுவரில் சாய்த்து வைத்தா. சோக்குக்கட்டியால் எழுதப் போனேன். சிலேட்டில் மூக்கு முட்டுமளவுக்குக் கிட்டப் போக வேண்டியிருந்தது. எழுதியதை என் உடம்பே மறைத்தது.

“பிள்ளையள் உம்முடைய முதுகைத்தான் படிக்கும்,” என்றா திரேசம்மா.

அவிழ்த்து, பாதி நீட்டிக் கட்டினோம். சிலேட்டில் நன்றாக எழுதலாம். வாய்க்கு ஒரு முழம் தூரம்.

இரண்டாம் நாள் முழுவதும் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகப் போனது. கடைசியில் செங்கோணத்தைவிடக் கொஞ்சம் உள்ளே மடித்துக் கட்டினோம். இதில் எழுதலாம். மேல்பக்கம் எட்டாது, நெஞ்சளவுக்கு எட்டும். மேசையில் கொப்பி திருத்தலாம். கையைச் சேர்த்துக் கும்பிடலாம். சோற்றை அள்ளி வாய்க்குக் கொண்டு போனேன். கை நின்றது. திரேசம்மா தன் விரல்களை என் விரலுக்கும் வாய்க்கும் இடையில் வைத்து அளந்தா.

“நாலு விரற்கிடை.”

சோறு விரலிடுக்கால் மடியில் விழுந்தது. நாலு விரற்கிடைக்காக வாழ்நாள் முழுவதும் இன்னொருவர் கையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அழுகை வந்துவிட்டது. இரண்டு கையாலும் கண்ணைத் துடைக்க முடியவில்லை.

திரேசம்மா தன் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டா. பிறகு கொஞ்சம் அதட்டலாகச் சொன்னா: “உந்தத் தலை என்ன கல்லோ? அதையும் டாக்குத்தர் கட்டிப்போட்டாரோ? கை வராட்டில் வாய் போகட்டுமன். குனியும் பிள்ளை.”

குனிந்தேன். வாய் விரலைத் தொட்டது.

ஐந்து மாதத்துக்குப் பிறகு என் கையால் நான் உண்ட முதல் வாய்ச் சோறு அது. அதுவும் இடக்கை. அம்மா அங்கே இல்லை.

சோறும் சோக்கும்

மூன்றாம் நாள் டாக்குத்தர் அம்மா வந்தபோது நான் கட்டோடு இருந்தேன். அம்மாவும் வந்திருந்தார்.

“இந்த நிலை,” என்று இடக்கையைக் காட்டினேன்.

டாக்குத்தர் குனிந்து பார்த்தார். “இதில் கை வாயை எட்டாதே. தெரியுமா?”

“தெரியும். நான் குனிவன்.”

“எல்லாருக்கும் முன்னால், ஒவ்வொரு வேளையும் குனிய வேண்டும்.”

“ஓம்.”

அம்மா எழும்பிவிட்டார். “உனக்கென்ன விசரே? உனக்குச் சோறு பெரிசோ சோக்குக்கட்டி பெரிசோ?”

“எனக்கு இரண்டும் வேணும் அம்மா.”

அதற்கு முன் அம்மாவுக்கு எதிராக நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. திரேசம்மாவைப் பார்த்தார். திரேசம்மா கட்டிலில் இருந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தா. தலை நிமிரவில்லை.

டாக்குத்தர் அம்மா ஒரு கம்பியை எடுத்து, என் இடக்கையின் மேல் வைத்து, அதே அளவுக்கு வளைத்தார். தன் வெள்ளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் காலை மயக்க மருந்தின் தித்திப்பு மணம் மூக்கில் ஏறியது. கண் விழித்தபோது வலக்கை வெள்ளைச் சாந்துக் கட்டுக்குள் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்து திரேசம்மாவின் குரல் கேட்டது. “அளவு சரி, பிள்ளை. நான் கண்ணாலை அளந்து பாத்திட்டன்.”

அரைப்பலகை

கட்டு வெட்டியபோது கை அந்தக் கம்பியின் வளைவிலேயே நின்றது. இன்றும் அப்படியே நிற்கிறது. இதை எழுதுகிற கை அதுதான்.

பள்ளிக்கூடத்தில் முதல் நாள் மனேச்சர் பின்வரிசை வாங்கில் வந்து இருந்தார். கரும்பலகையின் கீழ்ப்பாதியில் எழுதினேன். பின்வரிசைப் பிள்ளைகள் எழும்பி எழும்பிப் பார்த்தார்கள். மனேச்சர் அதைப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த கிழமை அவர் அனுப்பிய தச்சர் வந்து பலகையை ஒரு முழம் மேலே தூக்கி அடித்தார். மனேச்சர் சொன்னது தச்சருக்குப் பிழையாக விளங்கிவிட்டது. அது எனக்கு ஒரு வரிகூட எட்டவில்லை. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு அவரே வெட்கப்பட்டு இறக்கி அடித்துத் தந்தார். இறங்கின பலகையிலும் மேல்பாதி எனக்கு எட்டாது. அதில் வகுப்பின் உயரமான பிள்ளை திகதியும் திருக்குறளும் எழுதும். எனக்கு “அரைப்பலகை ரீச்சர்” என்று பட்டம் வந்தது. படலையடியில் கேட்ட அந்த மற்றப் பெயரை இது மெல்ல மெல்லத் தின்றுவிட்டது.

முடியாதவை முடியாதவையாகவே இருந்தன. அதை மறைக்கக் கூடாது. கிணற்றில் என்னால் தண்ணீர் அள்ள முடியாது. வலக்காதில் தோடு பூட்ட முடியாது. மாரிகாலத்தில் முழங்கை பல்லைக் கடிக்கும்படி நோகும். சபையில் இருந்து சாப்பிடும்போது ஒவ்வொரு வாய்க்கும் நான் குனிவதை யாராவது பார்ப்பார்கள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்புவார்கள். பார்ப்பதைவிடத் திருப்புவதுதான் சுடும்.

கலியாணம் எனக்குப் பிந்தித்தான் நடந்தது. இரண்டாம் உலக யுத்தகாலத்தில், அரிசிக்குக் கூப்பன் கொடுத்த நாட்களில். அவர் தபாற்கந்தோரில் வேலை பார்த்தார். மணவறையில் ஐயர் வலக்கையைப் பிடிக்கச் சொன்னபோது என் கை அது நிற்கும் இடத்தில்தானே நிற்கும்? மாப்பிள்ளை தன் கையை அங்கே உயர்த்திப் பிடித்தார். அதைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

கரையூர்

ஆனால் அதற்கு முந்திய ஒரு நாளைத்தான் சொல்ல வேண்டும். கட்டு வெட்டி ஒரு மாதம் இருக்கும். பள்ளிக்கூட விடுதலை. சுன்னாகத்தில் ரயில் ஏறி, யாழ்ப்பாணத்தில் இறங்கி, விசாரித்து விசாரித்துக் கரையூருக்கு நடந்தேன். திரேசம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். போய் என்ன செய்வேன் என்று சொல்லவில்லை. எனக்கே தெரியாது.

சந்தையில் இருக்கிறா என்றார்கள். மீன்காரிகள் வரிசையாகக் கடகத்துக்கு முன்னால் குந்தியிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஒரே ஒருவ உயர்ந்து தெரிந்தா. கணவர் வள்ளப் பலகையால் செய்து கொடுத்த உயரமான ஒரு வாங்கில் சாய்ந்து, காலை முன்னால் நீட்டி, இடுப்பளவு மேசையில் மீனை வைத்து நின்றபடி விற்றுக்கொண்டிருந்தா.

“ரீச்சர் பிள்ளை! எங்கை, கையைக் காட்டும் பாப்பம்!”

எல்லாரும் பார்க்க நான் கையைக் காட்டினேன். அவ கண்ணைச் சுருக்கி அளந்தா. “அதே அளவு.” பிறகு பக்கத்துப் பெண்ணிடம் மேசையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஒரு தடியை ஊன்றி, காலை அரைவட்டமாக வீசி வீசி எனக்கு முன்னால் நடந்தா.

வீடு கடற்கரையில். முற்றம் முழுக்க வலை காய்ந்தது. என்னைக் கதிரையில் இருத்தி இளநீர் வெட்டித் தந்தா. சோறு பற்றிக் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் அங்கே சாப்பிடமாட்டார்கள் என்பது அவவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கதைத்தோம். பள்ளிக்கூடம், பலகை, கோயில் எல்லாம் கதைத்தோம். அவ இப்போது பூசைக்குப் பின்வரிசையில் நிற்கிறாவாம். “மாதா என்னை முதல் ஆளாக் கண்டுபிடிச்சிடுவா. நிக்கிறது நான் ஒருத்திதானே.”

வெயில் உச்சிக்கு வந்தது. எனக்குப் பசித்தது.

“அக்கா, சோறு இருக்கோ?” என்று கேட்டேன். அவவை நான் அக்கா என்று கூப்பிட்டது அன்றுதான்.

அவ குசினிக்குப் போய், ஒரு மூலையிலிருந்து கரி பிடிக்காத புது மண்சட்டி இரண்டைத் தூக்கிக் காட்டினா. 

“ஆசுப்பத்திரியாலை வந்த கிழமையே வாங்கினது. மீன் படேல்லை. நீர் வந்தாலும் வருவீர் எண்டு சும்மா வாங்கி வைச்சன். வராட்டில் வராட்டும் எண்டுதான்.”

குந்த முடியாததால் அடுப்பையும் மேடையில் உயர்த்திக் கட்டியிருந்தார்கள். நின்றபடி சமைத்தா. கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கைக்காய் வெள்ளைக்கறி, மாங்காய்ச் சம்பல். நிலத்தில் அவ இருக்க முடியாது. அதனால் இரண்டு பேரும் மேசையில் இருந்தோம். அவ காலை நீட்டிக்கொண்டா. நான் குனிந்தேன். அவவின் கணவர் வந்தார், எங்களைப் பார்த்தார், முகத்தைத் திருப்பவில்லை. தன் கோப்பையை எடுத்து வந்து எதிரில் இருந்து சாப்பிட்டார்.

நான் வீடு வந்து சேர வெயில் சாய்ந்திருந்தது. அம்மா கிணற்றடியில் நின்றார்.

“எங்கை சாப்பிட்டனி?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “திரேசம்மா அக்கா வீட்டிலை.”

அம்மாவின் முகம் இறுகியது. “உள்ளுக்குப் போகாதை. இதிலை நில். முழுகிப்போட்டுப் போ.”

எனக்குத் தண்ணீர் அள்ள முடியாதே. அம்மாதான் அள்ளினார். கப்பி கிறீச்சிட்டது. உடுத்த சீலையோடு நின்றேன். ஒரு வாளி ஊற்றினார். இரண்டாவது வாளியும் ஊற்றினார்.

“மீன் காய்ச்சின சட்டியிலையோ சமைச்சவள்?”

“இல்லை அம்மா. எனக்கெண்டு புதுச்சட்டி வாங்கி வைச்சிருந்தவ. மூண்டு மாசமா.”

மூன்றாவது வாளி பாதி வழியில் நின்றது. அம்மா அதைக் கிணற்றுக்கட்டில் வைத்தார். சீலைத் தலைப்பால் கையைத் துடைத்தார். ஆசுப்பத்திரியில் அத்தனை நாளும் வந்து போய், ஒருநாள்கூடக் கேட்காததை அப்போது கேட்டார்.

“அவளுக்கு அந்தக் கால் இப்ப என்ன மாதிரி?”

தலையிலிருந்து தண்ணீர் வடிய வடிய, அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.